அமெரிக்காவில் சரித்திரப் பரீட்சை வளர்ந்த விதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சொந்த தேசத்துச் சரித்திர ஞானத்தைப் பரீட்சிக்கும் வழக்கம் இரண்டு ஊற்றுக்களிலிருந்து புறப்பட்டது. பள்ளிக்கூடங்களிலும் கலாசாலைகளிலும் பயிலும் இளைஞர்கள் தங்கள் நாட்டின் கடந்த காலத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று அளந்து பார்க்கும் ஆவல் ஒன்று. குடியுரிமை வேண்டி வந்தவனையும் வாக்குரிமை கோரி நின்றவனையும் அங்கீகரிக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்த அதிகாரிகளின் தேவை மற்றொன்று. முன்னதில் தவறினவனுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. பத்திரிகைகளில் சில நாட்கள் கூக்குரல் எழுந்து அடங்கும். பின்னதில் தவறினவனோ தேசத்தின் பொதுவாழ்விலிருந்தே விலக்கப்பட்டான். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், கேட்கப்பட்ட கேள்விகளைக் காட்டிலும், கேட்டவர் யார், விடையைச் சரியென்றும் தவறென்றும் தீர்ப்பளித்தவர் யார் என்பதே பரீட்சையின் குணத்தை நிர்ணயித்து வந்திருக்கிறது என்பது புலனாகும்.

பள்ளிக்கூட ஊற்றின் ஆரம்பத்தை 1915-16-ஆம் கல்வியாண்டில் காணலாம். ஜே. கார்ல்டன் பெல், டேவிட் மக்கல்லம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஆரம்பப் பள்ளி மாணவர் முதல் சர்வகலாசாலை மாணவர் வரையில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேரிடம் அமெரிக்க சரித்திரக் கேள்விகளை எழுப்பி, கிடைத்த பலனைக் கல்வி மனோதத்துவ சஞ்சிகை ஒன்றில் 1917-இல் வெளியிட்டார்கள். ஆரம்பப் பள்ளிச் சிறுவர்கள் நூற்றுக்குப் பதினாறும், உயர்நிலைப் பள்ளியினர் முப்பத்துமூன்றும், சர்வகலாசாலை மாணவர்கள் நாற்பத்தொன்பதும் பெற்றார்கள். சுதந்திரப் பிரகடனத்தை இயற்றிய தாமஸ் ஜெஃபர்ஸனையும், உள்நாட்டு யுத்தத்தில் தென் ராஜ்யங்களின் தலைவராயிருந்த ஜெஃபர்ஸன் டேவிஸையும் ஒருவராகவே எண்ணி விடையெழுதியவர்கள் இருந்தார்கள். மெக்ஸிகோவோடு யுத்தம் மூண்ட 1846-ஆம் ஆண்டு, அந்த யுத்தத்துக்கே காரணமாயிருந்த டெக்ஸாஸின் பிள்ளைகளுக்கு யாதொரு பொருளும் தரவில்லை.

இந்த எண்களைப் பிற்காலத்தார் பலமுறை எடுத்துக் கூறியிருக்கிறார்கள். ஆனால் அதே கட்டுரையில் இவற்றினும் அதிக மதிப்புடைய ஒரு பகுதி உண்டு. சரித்திரத் திறமை என்பதை அவ்வாசிரியர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நிகழ்கால சம்பவங்களைக் கடந்த காலத்தின் வெளிச்சத்தில் புரிந்துகொள்வது, மூல ஆவணங்களைச் சல்லடையிட்டு உண்மையைத் தேடுவது, சரித்திரக் கதனத்தை ரஸிப்பது, சிந்தனைக்குரிய வினாக்களுக்கு விவேகத்தோடு விடையளிப்பது என்ற நான்குக்கும் பிறகு, கடைசியாகவே, ஆட்களையும் தேதிகளையும் நிகழ்ச்சிகளையும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் ஆற்றலை வைத்தார்கள். இந்த ஐந்தாவதே மிகக் குறுகியது, சிலர் அபிப்பிராயத்தில் மிகக் குறைந்த முக்கியத்துவம் உடையது என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது அதையேதான். ஏனெனில் மதிப்பெண் இடுவதற்கு அதுவே எளிதாயிருந்தது. பின்வந்த நூறு ஆண்டுகளின் போக்கு இந்தத் தேர்விலேயே அடங்கியிருந்ததென்று சொல்வது மிகையாகாது என்பது என் துணிபு. அதே காலத்தில் கான்ஸாஸில் பிரெடரிக் கெல்லி என்பவர் பல விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் முறையை மௌன வாசிப்புச் சோதனையில் புகுத்தியிருந்தார். 1930-களின் பிற்பகுதியில், மிஷிகனில் உபாத்தியாயராயிருந்த ரெய்னால்ட் ஜான்ஸன் கண்ட உபாயத்தைக் கொண்டு ஐபிஎம் நிறுவனம் பென்ஸில் குறிகளை மின்சாரத்தால் எண்ணும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எளிதில் திருத்தக்கூடிய கேள்வியே கேட்கத் தகுந்த கேள்வி என்ற நிலை இவ்விதம் உறுதிப்பட்டது.

இரண்டாவது மகாயுத்தத்தின் நடுவே இவ்விஷயம் பொதுஜனங்களின் கவனத்துக்கு வந்தது. கொலம்பியா சர்வகலாசாலையின் சரித்திராசிரியர் ஆலன் நெவின்ஸ், அமெரிக்கர்களுக்கு அமெரிக்க சரித்திரம் போதிக்கப்படுவதில்லை என்று 1942-இல் குறை கூறினார். நூற்றுக்கு எண்பத்திரண்டு கலாசாலைகள் அப்பாடத்தைக் கட்டாயமாக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எடுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே பத்திரிகை முப்பத்தாறு கலாசாலைகளைச் சேர்ந்த ஏழாயிரம் முதலாண்டு மாணவர்களைப் பரீட்சித்து, ஆதியில் ஒன்றுசேர்ந்த பதின்மூன்று குடியேற்றங்களின் பெயர்களையும் சொல்ல முடிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான் என்று முதற்பக்கத்திலேயே அறிவித்தது. மாணவர்களில் சிலர் வேண்டுமென்றே குறும்பாக விடையெழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே கிளம்பிற்று. எனினும் அந்த ஆய்வுக்காக 1944-இல் புலிட்ஸர் பரிசு அப்பத்திரிகைக்குக் கிடைத்தது. சரித்திராசிரியர் சங்கங்கள் நியமித்து, எட்கர் வெஸ்லி நடத்திய குழுவின் அறிக்கையும் அதே ஆண்டில் வெளிவந்தது. பள்ளிகளில் இப்பாடம் போதிய அளவு கற்பிக்கப்பட்டே வருகிறது, திருத்தம் வேண்டியது கற்பிக்கும் முறையில்தான் என்ற அதன் நிதானமான முடிவு பொதுஜனங்களின் செவியில் ஏறவில்லை.

தேசத்தின் இருநூறாவது ஆண்டு நிறைவான 1976-இல் டைம்ஸ் மீண்டும் ஒரு பரீட்சை நடத்தியது. மாணவர்கள் சராசரியாகப் பாதிக் கேள்விகளுக்கே சரியான விடை தந்தார்கள். பதினேழு வயதினரிடையே 1986-இல் நடந்த தேசியப் பரீட்சையை ஆதாரமாகக் கொண்டு டயான் ராவிட்சும் செஸ்டர் ஃபின்னும் மறு ஆண்டு எழுதிய நூல், சராசரி நூற்றுக்கு ஐம்பத்துநான்கரை என்றும், உள்நாட்டு யுத்தம் 1850-க்கும் 1900-க்கும் இடையில் நிகழ்ந்ததென்று அறியாதவர்கள் மூன்றில் இருவர் என்றும் தெரிவித்து, ஒரு தலைமுறையே ஆபத்தில் இருக்கிறதென்று எச்சரித்தது. ஆனால் பழைய பரீட்சைகளையும் புதியனவற்றையும் கேள்விக்குக் கேள்வி ஒப்பிட்டுப் பார்த்த டேல் விட்டிங்டன் 1991-இல் வெளியிட்ட முடிவோ, தாத்தாவும் பாட்டியும் அறிந்திருந்ததைவிடப் பேரப் பிள்ளைகள் குறைவாக அறிந்திருக்கவில்லை என்பதுதான். தேசிய கல்வி மதிப்பீட்டின் பரீட்சைகளும் பெரும்பாலும் இதற்கு அனுகூலமாகவே நிற்கின்றன. எட்டாம் வகுப்பினரின் சராசரி 1994-இல் 259; இடையில் 2014-இல் 267 வரை ஏறிற்று; 2022-இல் 258-க்கு இறங்கிற்று. தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் அவ்வாண்டில் நூற்றுக்குப் பதின்மூவர் மட்டுமே. இது கவலைக்குரியதே, சந்தேகமில்லை. ஆயினும் எந்தப் பொற்காலத்திலிருந்து வீழ்ந்துவிட்டதாகப் புலம்புகிறார்களோ, அந்தப் பொற்காலத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், டெக்ஸாஸின் பதினாறும் முப்பத்துமூன்றும்தான் எதிர்ப்படுகின்றன.

இந்த நிலைமைக்கு மாணவரின் அறியாமை மட்டுமே காரணமன்று. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் சாம் வைன்பர்க் விளக்கியிருப்பதுபோல, இத்தகைய பரீட்சைகளை அமைப்பவர்கள், ஏறக்குறைய எல்லோரும் விடையறிந்த கேள்வியையும் எவரும் விடையறியாத கேள்வியையும், மாணவரைத் தரம் பிரிக்க உதவாதவை என்று முன்னதாகவே நீக்கிவிடுகிறார்கள். ஜனங்கள் யாவரும் அறிந்திருப்பது எதுவோ அது கேள்வித்தாளில் இடம்பெறாமலே போகிறது. இதற்கு மாறான முயற்சியும் இல்லாமலில்லை. கல்லூரிப் பாடங்களைப் பள்ளியிலேயே பயில்வோருக்கான அமெரிக்க சரித்திரப் பரீட்சையில் 1973 முதல், கடிதங்கள், பிரசங்கங்கள், சித்திரங்கள் போன்ற மூலச் சான்றுகளைக் கொடுத்து, அவற்றைக் கொண்டே ஒரு வாதத்தைக் கட்டி எழுதச் சொல்லும் வினா ஒன்று புகுத்தப்பட்டது. பெல்லும் மக்கல்லமும் முதன்மையாக வைத்து, பின் கைவிட்ட திறமைகளை மீட்டுக் கொணர்ந்தது இதுவே என்பேன். ஆனால் ஒவ்வொரு விடையையும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் படித்தாக வேண்டியிருப்பதால், அதற்கு ஆகும் செலவும் சிரமமும் பெரியவை.

இனி இரண்டாவது ஊற்றுக்கு வருவோம். குடியுரிமை பெற விரும்பும் அந்நியன் அரசியல் சட்டத்தின் தத்துவங்களில் பற்றுடையவனாயிருக்க வேண்டுமென்று 1795-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டுமென்பது 1906-இல் சேர்ந்தது. அப்பற்றைச் சோதிக்கும் பொறுப்பு நீதிபதிகளிடம் இருந்தமையால், ஒருவர் ஜனாதிபதியின் பெயரைக் கேட்டுத் திருப்தியடைந்தால், வேறொருவர் அரசியல் சட்டத்தின் நுட்பங்களைக் கிளறக்கூடும். இத்தனைக்கும் மேலாக மற்றொரு பரீட்சை இருந்தது. அதற்கு எவ்வளவு படித்தாலும் பயனில்லை. சுதந்திரமான வெள்ளையனுக்கே குடியுரிமை என்று 1790-இல் ஏற்பட்ட விதி, பிற்காலத்தில் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு மட்டும் தளர்த்தப்பட்டு, மற்றபடி நிலைத்திருந்தது. பஞ்சாபிலிருந்து சென்று, முதல் மகாயுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திண்டின் வழக்கில், இந்தியர் அவ்விதியின் பொருளில் வெள்ளையர் ஆகார் என்று சுப்ரீம் கோர்ட் 1923-இல் தீர்ப்புக் கூறியது. வாஷிங்டன் முதல் அன்றைய ஜனாதிபதி வரை ஒருவரையும் விடாமல் ஒப்புவிக்கக்கூடிய இந்தியராயினும், 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் நிறைவேறும் வரையில், பரீட்சைக்கு அமரும் தகுதியே அவருக்கு இல்லை.

தேச சரித்திரத்தையும் அரசாங்க அமைப்பையும் அறிந்திருத்தல் சட்டபூர்வமான நிபந்தனையானது 1950-இல்தான். கம்யூனிஸ்ட் பயம் உச்சத்திலிருந்த அவ்வாண்டில், ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெற்றது. இரண்டே ஆண்டுகளில் வந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமைக்கிருந்த இனத் தடையை முற்றும் அகற்றி, சரித்திரப் பரீட்சையை நிலைநாட்டியது. நிறத்தைப் பார்த்து அளித்த உரிமையை ஒரு மனிதன் முயன்று கற்கக்கூடிய ஒன்றுக்கு மாற்றியதை, அச்சட்டத்தின் மற்ற குறைகள் எவையாயினும், பெரிய முன்னேற்றமென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அதே காலத்தில் தென் ராஜ்யங்களில் பரீட்சை என்னும் ஆயுதம் நேர்மாறான காரியத்துக்குப் பயன்பட்டு வந்தது. வாக்காளராகப் பதிவு பெற விரும்புகிறவன் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்தில் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வேண்டுமென்று மிஸிஸிப்பி 1890-இல் விதித்தது. பிரிவுகள் 285, எதைக் கொடுப்பதென்பதும், சொன்ன பொருள் சரியா என்பதும் பதிவு அதிகாரியின் இஷ்டம். வெள்ளையருக்கு ஒரு வரியுள்ள எளிய பிரிவும், நீக்ரோக்களுக்கு வக்கீல்களே தடுமாறும் வரிச் சட்டப் பிரிவும் கிடைத்தன. கற்றறிந்த நீக்ரோ ஆசிரியர்களும் தோற்றவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். லூயிஸியானாவில் நடந்துவந்த இத்தகைய பொருள்கூறும் சோதனை அறிவைச் சோதிப்பதற்கன்று, வாக்குரிமையைத் தடுப்பதற்கே என்று சுப்ரீம் கோர்ட் 1965 மார்ச்சில் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் அந்த ராஜ்யங்களில் இவ்வகைப் பரீட்சைகளை நிறுத்திவைத்தது. 1970-இல் தடை தேசம் முழுவதற்கும் விரிந்து, 1975-இல் நிரந்தரமாயிற்று. மிஸிஸிப்பியில் பதிவு பெற்றிருந்த நீக்ரோக்கள் அச்சட்டத்துக்கு முன் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1967-இல் ஏறக்குறைய அறுபது பேர். மிஸிஸிப்பி மக்களின் அறிவு இரண்டு ஆண்டுகளில் எட்டு மடங்கு வளர்ந்துவிடவில்லை. அதிகாரியின் கையிலிருந்த கேள்வித்தாள் பறிக்கப்பட்டது, அவ்வளவே.

குடியுரிமைப் பரீட்சையிலும் அதிகாரியின் இஷ்டம் ஒரு குறையாகவே நெடுநாள் நீடித்தது. ஊருக்கு ஊர், அதிகாரிக்கு அதிகாரி கடுமை வேறுபட்டது. நீண்ட ஆலோசனைக்குப்பின் 2008 அக்டோபரில் அமலுக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, நூறு கேள்விகளும் அவற்றின் விடைகளும் முன்னதாகவே பிரசுரிக்கப்பட்டன. நேரில் பத்துக் கேட்கப்பட்டன, ஆறுக்கு விடை சொன்னால் போதுமாயிருந்தது, தவறினால் மீண்டும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் இதில் தேறி வந்திருக்கிறார்கள். கேள்விகளை 128 ஆக்கி, இருபது கேட்டு, பன்னிரண்டுக்குச் சரியான விடை கோரும் கடினமான முறை 2020 டிசம்பரில் வந்து சில மாதங்களில் கைவிடப்பட்டது. அதே அளவுகளோடு அது 2025 அக்டோபர் 20 முதல் மனுச் செய்பவர்களுக்குத் திரும்பியிருக்கிறது. அறுபத்தைந்து வயது கடந்து, இருபது ஆண்டுகள் அங்கே நிரந்தரவாசியாயிருந்த முதியோருக்குச் சலுகை தொடர்கிறது.

இரண்டு ஊற்றுக்களும் அண்மையில் ஒன்று கலந்திருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் தேறி வெளியேறும் மாணவன் குடியுரிமைப் பரீட்சையின் நூறு கேள்விகளில் அறுபதுக்கேனும் சரியாக விடையளிக்க வேண்டுமென்று அரிஸோனா 2015 ஜனவரியில் முதன்முதலாகச் சட்டமியற்றியது. வேறு பல ராஜ்யங்கள் ஏதோ ஒரு வடிவில் அதைப் பின்பற்றின. அதே பரீட்சைக் கேள்விகளைக் கொண்டு 2018-இல் ஓர் அறக்கட்டளை நடத்திய விசாரணையில், பொதுஜனங்களில் மூவரில் ஒருவரே தேறினார் என்று அறிந்து பலரும் திடுக்கிட்டார்கள். விடைகளை மாதக்கணக்கில் மனனம் செய்துகொண்டு வந்த மனுதாரரோடு, ஆயத்தமின்றித் திடீரென வினவப்பட்ட பிரஜையை ஒப்பிடுவது நியாயமாகாது என்பதை அவர்கள் கருதவில்லை. அரிஸோனாவின் மாணவனுக்கோ விடைகள் முன்னதாகவே கிடைக்கின்றன. தேறும் வரை திரும்பத் திரும்ப எழுதவும் அவனுக்கு அனுமதி உண்டு. அந்நியனைப் பிரஜையாக ஏற்பதற்குக் குறைந்தபட்ச அளவாக வகுக்கப்பட்ட நூறு கேள்விகள், பன்னிரண்டு ஆண்டுக் கல்வியின் முடிவில் சரித்திர போதனைக்கு உரைகல்லாக நிற்பது அந்தப் பரீட்சையை வகுத்தவர்கள் நினைத்த காரியமன்று. அக்கேள்விகளை ஒப்புவித்துவிட்ட மாணவனிடம் ஒரு கடிதத்தையோ பிரசங்கத்தையோ கொடுத்து, இதை எழுதியவர் யாரை நோக்கி, ஏன் எழுதினார் என்று கேட்பதற்கு அச்சட்டங்களில் இடமில்லை.