காணாக் கோளைக் கண்ட வரலாறு

ஆகத்து மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பதரை மணியளவில், கண்டி நகர விளக்குகளுக்கு அப்பாற் சென்று, ஹந்தானை மலைச்சாரலில் நின்று அண்ணாந்து நோக்குவோமாயின், வானுச்சிக்கு ஏறத்தாழ 5 பாகை தெற்கே மங்கலானதொரு விண்மீன் தோன்றும். எசலப் பெரகரா நிகழும் பருவமும் ஏறக்குறைய அதுவே. அவ்விண்மீனை வானியலார் 70 ஒபியூக்கி என்பர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் அஃது ஓர் இரட்டை விண்மீன். அவ்விரண்டும் ஏறத்தாழ 88 ஆண்டுகளில் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றி வருவன. ஞாயிற்றுக் குடும்பத்துக்குப் புறம்பேயும் கோள் உண்டென அளவைகளின் துணைகொண்டு எழுந்த மிகப் பழைய கூற்றுக்களுள் ஒன்று இவ்விண்மீனைப் பற்றியதாகும். அக்கூற்றுச் சென்னையிலே பிறந்தது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டளவில் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்துக்கு 1855இல் தலைவராயிருந்தவர் கப்டன் ஜேக்கப் என்பார். 70 ஒபியூக்கியின் இரு விண்மீன்களும் செல்லும் பாதை, கணக்கிட்ட நீள்வட்டத்தினின்றும் சிறிது விலகுவதாக அவர் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அவற்றை ஈர்ப்பதே அவ்விலகலுக்குக் காரணமாதல் கூடும் என்று அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார். அமெரிக்க வானியலாராகிய சீ என்பாரும் பிற்காலத்தில் அதனையொத்த கருத்தை வற்புறுத்தினார். ஆயின், சீ கூறிய பாதையில் அத்தகைய பொருளொன்று நிலைத்திருத்தல் இயலாதென 1899இல் மோல்ற்றன் கணித முறையால் நிறுவினார். பின்வந்த நுண்ணிய அளவைகளும் ஜேக்கப் கருதிய கோளுக்குச் சான்று அளிக்கவில்லை.

ஜேக்கப் கொண்ட முறை பிழையானதன்று. காண்பதன் இயக்கங் கொண்டு காணாததை உய்த்துணர்தல் அறிவியலுக்கு உகந்த நெறியே. யுரேனசு கோளின் போக்கிற் கண்ட மாறுபாட்டைக் கொண்டே, அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1846இல் நெப்தியூன் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வெற்றியின் பின் பிறரும் அவ்வழியே நாடியது இயல்பன்றோ? குறை முறையிலன்று, அளவையிலேயே இருந்தது. தேடிய விலகல், அளவையில் நேரும் வழுவினும் பெரிதாயிருக்கவில்லை.

இல்லாததைக் கண்டது ஒரு பிழையாயின், இருப்பதை நாடாதிருந்தது மற்றொரு பிழையாகும். பெருங்கோள் என்றதும் யாவர் உள்ளத்திலும் தோன்றியது நமது வியாழனே. கொழும்பிற் பிறந்த மோல்ஸ்வேர்த் என்னும் படைத்துறை அதிகாரி, திருக்கோணமலையில் அமைத்த தொலைநோக்கியால் அக்கோளின் மேகப் பட்டைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1901இல் அவற்றில் எழுந்த பெருங்குழப்பமொன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார். வியாழன் ஞாயிற்றினின்றும் புவியைப்போல் ஐந்து மடங்கு தொலைவில் நின்று, ஏறத்தாழ 12 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிப்பது. ஆதலின் பிறவிடத்துப் பெருங்கோள்களும் அவ்வாறே தொலைவில் இருக்குமென அறிஞர் பலரும் கருதினர். இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்த 1952ஆம் ஆண்டிலே, ஒட்டோ ஸ்துருவே என்னும் வானியலார் அக்கருத்தை மறுத்து ஒரு சிறு கட்டுரை வரைந்தார். விண்மீனை மிக அணித்தாக, ஒரே நாளிற் சுற்றும் பெருங்கோள் ஏன் இருத்தலாகாது என வினவி, அதனைக் கண்டறியும் வழிகளையும் காட்டினார். அவர் கூற்றைப் பொருட்படுத்தினோர் அரியர்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. பெரகராவில் தீப்பந்து சுழற்றுவோனைக் கண்டிருக்கின்றோம். பந்து ஒருபுறஞ் செல்ல, அவன் உடல் மறுபுறஞ் சாய்ந்து கொடுக்கின்றது. பந்து மறைந்து, அவன் மட்டுமே நமக்குத் தெரிவதாகக் கொள்வோமாயினும், அச்சாய்வைக் கொண்டே பந்து உண்டென்று அறியலாம். அவ்வாறே கோள் சுற்ற விண்மீனும் சிறிது அசைகின்றது. அது நம்மை அணுகும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், அகலும்போது செம்பக்கமும் நகரும். பிரான்சிலுள்ள ஓட் புரோவன்சு வானாராய்ச்சி நிலையத்தில் மிசெல் மயோர், டிடியே கெலோ ஆகிய சுவிசு நாட்டறிஞர் இருவர், 51 பெகாசி என்னும் விண்மீன் விநாடிக்கு 60 மீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் முன்னும் பின்னும் அசைதலை அளந்தனர். 4.2 நாளில் ஒரு சுற்று. வியாழனின் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கேனும் உடைய கோள். தொலைவு, புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்டதில் இருபதில் ஒரு பங்கு. இதனை அவர்கள் 1995 அக்டோபரில் அறிவித்தனர்; 2019இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

ஆயினும் உலகம் அதனை உடனே ஏற்று அமைந்துவிடவில்லை. அமெரிக்க அறிஞர் மார்சியும் பட்லரும் சில நாட்களுள் தாமே அளந்து அவ்வசைவை உறுதிசெய்தனர். அசைவது விண்மீனன்று, அதன் மேற்பரப்பே துடிக்கின்றது என 1997இல் டேவிட் கிரே ஐயம் எழுப்பினார். மறு ஆண்டு, புதிய அளவைகளைக் கண்டு, தமது ஐயத்தைத் தாமே கைவிட்டார். 1999இல் முற்றும் வேறான சான்று கிடைத்தது. எச்.டி. 209458 என்னும் விண்மீனின் அசைவு முன்குறித்த அதே வேளையில், அதன் ஒளி நூற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு மங்கியது. கோள் விண்மீனுக்கு முன்னாகக் கடந்தமையே அதற்குக் காரணம். மங்கிய அளவு கோளின் பருமனைத் தர, அசைவு எடையைத் தந்தது. இரண்டையும் கூட்டி நோக்க, அக்கோள் வியாழனினும் பருத்தது, எடையிற் குறைந்தது, நீரினும் அடர்த்தி குன்றியது என்பது தெளிவாயிற்று. பின்னர் அபிள் விண்தொலைநோக்கியால் அதன் வளிமண்டலத்திற் சோடியம் உண்டென்பதும் அறியப்பட்டது.

சென்னையில் எழுந்த வினாவுக்கு இந்திய மண்ணினின்றும் விடைகள் வந்துள்ளன. அபு மலையிலுள்ள 1.2 மீற்றர் தொலைநோக்கியில் அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தார் பொருத்திய நிறமாலைமானி, டி.ஓ.ஐ. 1789 என்னும் விண்மீனை 3.2 நாளிற் சுற்றும் பெருங்கோளின் எடையை அறியத் துணைசெய்தது. அம்முடிவு வெளிவந்தது 2021இல். ஜேக்கப்பின் கூற்றுக்கு 166 ஆண்டுகளின் பின்.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது யாது? ஜேக்கப்பையும் மயோரையும் வேறுபடுத்துவது அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று. பிறர் தம் கருவியால், தம் வழியால் சோதித்த பின்னும் ஒரு கூற்று நிலைநின்றது, மற்றொன்று நிலைக்கவில்லை. அதனோடு, சோதனைக்கு முன்னரே இராது எனத் தள்ளியதால் உண்மையொன்று நாற்பதாண்டு காத்திருந்ததையும் மறத்தலாகாது. விரைந்து நம்புதலும் விரைந்து மறுத்தலும் ஒருதன்மையனவே. இரண்டும் அளந்தறியும் உழைப்பைத் தவிர்க்க முயல்வன. பெரகரா இரவில் உச்சியில் நிற்கும் அம்மங்கல் விண்மீனை இனிக் காண்போர் இதனை நினைவுகொள்வாராக.