எக்ஸாட்டிக் ஸ்கேல்

மௌலா அலியில் எங்கள் தெருவில் கீபோர்டு பழகும் தம்பி, மாயாமாளவகௌளை ராகத்தை ‘எக்ஸாட்டிக் ஸ்கேல்’ என்றான்; எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரேக்கத்தில் ‘எக்ஸோ’ என்றால் வெளியே. அயல்நாட்டுச் செடிக்கும் சரக்குக்கும் வழங்கிய சொல், பிறகு ‘விசித்திர அழகு’ ஆனது. சரளி வரிசை தொடங்கும் நம் குழந்தைக்கோ இதுதான் முதல் ராகம். அவளுக்கு இது எப்படி வெளி? ‘ஸ்கேல்’ லத்தீன் ஏணியிலிருந்து வந்தது. நம் மெல்லிசை மேடையில் சுருதியையே அப்படிச் சொல்கிறார்கள். ‘ஸ்கேல்’ என்பதற்கு ஈடாகப் பழந்தமிழில் ‘பாலை’ உண்டு: செம்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை. பாலை நிலத்தோடு குழம்பலாம். ஆனாலும் அதையே எடுப்பேன். ச-ரி-க-ம, ப-த-நி-ச இரு பாதியும் ஒரே இடைவெளியில் அமைவதால் மாயாமாளவகௌளை ‘சமச்சீர்ப் பாலை’. எல்லா இடைவெளியும் ஒன்றேயான கோப்ரியா ராகமும் அப்படியே. இசையமைக்கும் இளைஞர்களே, ‘எக்ஸாட்டிக்’கை விட்டுவிடுங்கள்.