காசும் கேஷும்

கேஷ்: ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கடனாகவோ காசோலையாகவோ இல்லாமல், நோட்டும் சில்லறையுமாக உடனே கைமாறும் பணத்துக்கு இப்பெயர். ஒலியிலும் பொருளிலும் தமிழ்க் ‘காசு’க்கு இது மிக நெருங்கி நிற்பதால், காசுதான் கடல் கடந்து கேஷ் ஆயிற்று என்று தமிழில் பலகாலமாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்றை முழுவதும் தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்கவும் முடியாது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு கேஷ் உண்டு. ஒன்றின் மூலம் பெட்டி, மற்றொன்றின் மூலம் காசு. இன்று கடைதோறும் புழங்கும் கேஷ் பெட்டியின் வழிவந்தது. காசின் வழிவந்த கேஷைப் பெரும்பாலும் நாணயவியலாரே அறிவார்கள். உண்மையில் நம் சொல்லின் பயணக் கதை அதில்தான் இருக்கிறது.

முதல் சொல்லுக்கான சான்று தெளிவானது. ஜான் புளோரியோ 1598இல் லண்டனில் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி ‘காஸ்ஸா’ என்ற சொல்லுக்கு வணிகரின் கேஷ் என்றும், பணம் எண்ணும் மேசை என்றும் பொருள் தருகிறது. 1611இல் வந்த ராண்டில் காட்கிரேவின் பிரெஞ்சு-ஆங்கில அகராதியும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. அந்த இடங்களில் கேஷ் என்பது கல்லாப்பெட்டி. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. பற்றுதல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்த சொல். இத்தாலியக் காஸ்ஸா, பிரெஞ்சுக் கெஸ், ஸ்பானியக் காஹா ஆகிய மூன்றும் அதன் வழித்தோன்றல்கள். பெட்டியையும் பணம் செலுத்தும் இடத்தையும் இன்றுவரை அவை குறித்து வருகின்றன. உறையையும் பெட்டியையும் சுட்டும் ஆங்கிலக் ‘கேஸ்’ கூட இதே வேரிலிருந்து வந்ததுதான். பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகி வந்ததை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்று எளிதில் விளக்கிவிடும். இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1599 அளவில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் கேஷ் ரொக்கமாகவே வருகிறது. ஆனால் 1677இல் அச்சான லண்டன் வணிகர் பெயர்த்தொகுப்பு, பிறர் பணத்தை வாங்கி வைத்து வரவுசெலவு பார்த்த பொற்கொல்லர்களை, ‘நடப்புக் கேஷ்கள்’ வைத்திருப்போர் என்று பன்மையில் குறிப்பிடுகிறது. அங்கே சொல் பெட்டிக்கும் பணத்துக்கும் நடுவில் நிற்கிறது. பெட்டி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வழக்கிழந்தது.

இரண்டாவது கேஷ், கீழை நாடுகளின் மதிப்புக் குறைந்த செப்பு நாணயம். இதன் கதை தமிழகத்தில் தொடங்குகிறது. குறுந்தொகையிலேயே காசு பொன்னாலான அணியுறுப்பாக வருகிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கொடைகளை அளக்கும் நாணயமாகப் பதிவாகியிருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என யாப்பிலக்கணத்தார் வாய்பாடு வகுக்கும் அளவுக்கு அன்றாடச் சொல் அது. சமஸ்கிருதத்தில் எடையளவைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்பதோடு இதை உறவுபடுத்துவோர் உண்டு. திராவிடச் சொல்லே என்போரும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் அடுத்த கட்டம் மாறப்போவதில்லை. போர்ச்சுகீசியர் காசைத் தங்கள் நாவுக்கு ஏற்பக் ‘காய்ஷா’ ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர். அதுவும் லத்தீன் காப்ஸாவின் வழிவந்ததே. ஆக, லத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் ஒரே உருவம் கொண்டது முதலில் லண்டனில் அன்று, போர்ச்சுகீசியரின் வாயில்தான். என் பார்வையில் இந்தச் சொல் வரலாற்றின் உயிர்நிலை இதுவே.

போர்ச்சுகீசிய வணிகத்தோடு அச்சொல் கிழக்கே சென்றது. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் எழுதிய நூலின் 1598ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு, சுந்தா பகுதியில் நடுவில் துளையிட்ட செப்புக் காசுகளைச் சரமாகக் கோத்து வைப்பதை விவரித்து, அவற்றைக் ‘காய்ஷா’ என்கிறது. சீன நாணயத்தை ஆங்கிலேயர் கேஷ் என்றதும் இந்த வழியில்தான். சீனர்களோ அதைக் ‘கேஷ்’ என்று சொன்னதே இல்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, நாணயத்தைக் குறிக்கும் கேஷுக்குக் காசையே மூலமாகக் காட்டுகிறது.

ரொக்கக் கேஷ் பெட்டியின் வழிவந்தது என்பதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது காலத்தைப் பற்றியது. இரண்டு சொற்களும் 1590களில்தான் ஆங்கில ஏட்டில் ஏறுகின்றன; அப்படியானால் ரொக்கம் என்ற பொருளும் காசிலிருந்தே வந்திருக்கலாகாதா? அவ்வாறு வந்திருந்தால் பழைய சான்றுகள் பயண நூல்களில் இருக்கவேண்டும். கீழை நாட்டுச் சில்லறையைக் குறிக்கவேண்டும். கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்துக்கு அப்படித்தான் போயிற்று: 1697இல் வெளியான ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலில் அது இந்தியக் கடற்கரையின் பொருளாகவே வருகிறது. ரொக்கக் கேஷோ ஐரோப்பிய வணிகரின் கணக்கறையில் பிறந்து, ஆங்கில நாணயத்துக்கே பெயராக நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் சாசனம் பெற்றது. சென்னையில் அது நிலம் பெற்றது 1639இல். அதற்கு முன்பே லண்டன் நாடக மேடையில் கேஷ் ஒலித்துவிட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்று, ரோமரோடு நடந்த மிளகு வணிகத்தில் காசே லத்தீனுக்குப் போய்க் காப்ஸா ஆனது என்பாரும் இருக்கலாம். ரோமானியர் காப்ஸா என்றது முதன்மையாக நூற்சுருள்களை வைக்கும் பெட்டியை. பணத்தோடு அதற்குத் தொடர்பு ஏற்பட்டது வெகுகாலம் கழித்து. ஒலி ஒப்புமை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே சான்று உண்டு. பணப்பொறுப்பாளரைக் குறிக்கும் ‘கேஷியர்’ காப்ஸாவின் வழிவந்தது. படையதிகாரியைப் பதவிநீக்கம் செய்வதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினையோ டச்சு மொழி வழியே வந்த வேறு சொல். எழுத்துக்கூட்டும் ஒன்று, நுழைந்த நூற்றாண்டும் ஒன்று, ஆனாலும் உறவு இல்லை.

தமிழ் வழிவந்த கேஷின் வாழ்வு சென்னையில்தான் உச்சம் கண்டது. கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1803இல் பர்மிங்காம் அருகே சோகோ நாணயச்சாலையில் அடித்து அனுப்பப்பட்ட செப்பு நாணயத்தில் ‘20 கேஷ்’ என ரோமன் எண்ணில் பொறித்திருந்தது. அதனுடன் பாரசீக எழுத்தில் இருபது காசு என்றும் இருந்தது. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வெளியிட்ட நாணயத்தில் ஆங்கிலக் கேஷும் கன்னடக் காசும் ஒன்றாகவே இடம்பெற்றன. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியதும் கம்பெனிக் கேஷ் மறைந்தது. 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கை வைத்திருந்த திருவிதாங்கூர் மட்டும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தன் செப்புக் காசுகளில் கேஷ் என்ற பெயரைப் பொறித்து வந்தது.