பழையபாளையமும் புதுப்பாளையமும்: ஆர்க்குட்டிலிருந்து முகநூலுக்கு ஒரு குடிபெயர்வு

இராஜபாளையத்தில் பழையபாளையம் என்றொரு பகுதி உண்டு. புதுப்பாளையம் என்றொரு பகுதியும் உண்டு. விசயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் நிலைகொண்ட ஊர் இது. இன்றும் அவர்தம் இல்லங்களில் தெலுங்கு ஒலிக்கிறது. ஓர் ஊருக்குள்ளேயே 'பழைய', 'புது' என்ற அடைமொழிகள் அமைந்திருப்பதைக் காணும்போதெல்லாம், மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்வது ஏன் என்ற வினா நமக்குள் எழுவதுண்டு.

அவ்வினாவை நம் கண்முன்னே நிகழ்ந்த ஒரு குடிபெயர்வின்மீது தொடுத்துப் பார்ப்போமா? ஆர்க்குட்டிலிருந்து முகநூலுக்கு நாம் அனைவரும் போனோமே, அதைத்தான் சொல்கிறோம்.

ஆர்க்குட் 2004 சனவரியில் தொடங்கப்பெற்றது. கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய துருக்கியப் பொறியாளர் ஒருவரின் பெயரே தளத்தின் பெயராயிற்று. முதலில், உள்ளே இருப்பவர் அழைத்தாலன்றி நுழைய இயலாது. பிரேசிலும் இந்தியாவும் அதன் இரு பெரும் கோட்டைகளாயின. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியூர் சென்ற இளைஞர்க்கு, பிரிந்த பள்ளித் தோழரைத் தேடிப் பிடிக்கும் இடமாக அது இருந்தது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதும் 'ஸ்கிராப்', நண்பரைப் பாராட்டி எழுதும் 'டெஸ்டிமோனியல்', ஊருக்கும் நடிகருக்கும் எழுத்தாளருக்குமான குழுமங்கள் என்று அங்கே ஓர் ஊர்வாழ்க்கையே நடந்தது.

பிறகு ஏன் பெயர்ந்தோம்? தமிழ் இல்லாத குறையா? இல்லை. ஆர்க்குட் 2007இலேயே தமிழ் முகப்பைத் தந்துவிட்டது. முகநூல் அதனை 2009இல்தான் தந்தது. மொழி காரணமாயின் நாம் நகர்ந்திருக்கவே கூடாது!

வசதிதான் காரணமோ? ஓரளவு உண்மை. ஆர்க்குட்டில் நண்பரின் நலமறிய அவர் பக்கத்திற்கு நாமே செல்லவேண்டும். முகநூலோ 2006 செப்டம்பரில், நண்பர் அனைவரின் செய்திகளையும் ஒரே ஓடையாக நம் வாசலுக்குக் கொண்டுவரும் முறையைப் புகுத்தியது. வீடு வீடாகச் சென்று நலம் கேட்பதற்கும், தேரடியில் அமர்ந்து ஊர்ச்செய்தி முழுவதும் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அன்றியும், போலிப் பெயர்களும் வேண்டாத விளம்பர ஸ்கிராப்புகளும் ஆர்க்குட்டில் மலிந்தன.

ஆயினும் இவை மட்டுமே காரணம் என்று நாம் கருதவில்லை. காம்ஸ்கோர் என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். 2009 சூலையில் இந்தியாவில் ஆர்க்குட்டுக்கு வந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 71 லட்சம். முகநூலுக்கு 75 லட்சம். ஓராண்டு கழிந்து 2010 சூலையில் முகநூல் 2 கோடியே 9 லட்சம். ஆர்க்குட் 1 கோடியே 99 லட்சம். முந்தப்பட்ட ஆண்டிலும் ஆர்க்குட் வளர்ந்துகொண்டுதான் இருந்தது! அதாவது, வெறுத்து ஓடியவர்கள் அல்லர் நம் மக்கள். பழைய வீட்டைப் பூட்டாமலே புதிய வீட்டில் பால் காய்ச்சியவர்கள். (கணினி மையங்களில் அமர்ந்து பார்த்தோர் இக்கணக்கில் சேரவில்லை. நம் ஊர் இளைஞருள் பலர் இக்கணக்கிற்கு வெளியே நின்றவர்கள் என்பதையும் நினைவிற்கொள்க.)

இரண்டு வீடுகளில் ஒன்று ஏன் பாழடைகிறது? 1908இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத் தலைவர் தியோடர் வெயில் தம் ஆண்டறிக்கையில் ஒன்றைச் சுட்டினார்: மறுமுனையில் ஆளில்லாத் தொலைபேசியால் பயனில்லை, அதன் மதிப்பு இணைந்திருப்போரின் எண்ணிக்கையில் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றவர், அங்குள்ளோர் முகநூலில் இருந்தமையால் அங்குச் சேர்ந்தார். அவரைக் காண ஊரிலிருந்த தோழர் சேர்ந்தார். தோழரைக் காண நாம் சேர்ந்தோம். இடம் நன்றா, தீதா என்று ஆராய்ந்தவர் சிலரே. நம்மவர் எங்கே இருக்கிறார் என்பதே பலரும் கேட்ட கேள்வி. 2011இல் கூகுள் பிளஸ் வந்தது. எவ்வளவோ வசதிகள்! நம்மவர் அங்கே தங்கவில்லை. 2019 ஏப்ரலில் அதுவும் மூடப்பட்டது.

இனி, நம்மை உறுத்தும் செய்திக்கு வருவோம். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்க்குட் மூடப்பட்டது. தத்தம் பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை வாய்ப்பு இருந்தது. குழும உரையாடல்கள் ஒரு காப்பகமாக விடப்பட்டு, 2017இல் அவையும் நீக்கப்பட்டன. பெயர்ந்து சென்ற நாம் நண்பர்களை அழைத்துச் சென்றோம்; சொற்களை விட்டுச் சென்றோம். நமக்கு அங்கே எழுதியவருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் சொற்களும் இல்லை.

மண்ணில் நிகழும் குடிபெயர்வு இப்படியன்று. புதுப்பாளையம் எழுந்தும் பழையபாளையம் நிற்கிறது. ஆந்திரத்தை விட்டு வந்தும் தெலுங்கு கூடவே வந்தது. திருவில்லிபுத்தூரில் 1875இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம், வாசகர் குறைந்த நாளிலும் நூல்களைக் காத்து நிற்கக் கூடியது. ஒருநாள் எவரும் வரவில்லை என்பதற்காக நூல்கள் மறைந்துவிடுவதில்லை. இணையத் தளத்திலோ கூட்டம் கலைந்தால் ஏடும் கலைகிறது.

இன்னும் பலமுறை நாம் பெயர்வோம். அதைத் தடுத்தல் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. நண்பர்களே, அடுத்தமுறை மூட்டை கட்டும்போது, நமக்கென ஒருவர் எழுதிய நல்ல சொற்களை முதலில் படியெடுத்து வைத்துக்கொள்வோம். ஆட்கள் எப்படியும் வந்துசேர்வார்கள். சொற்களை நாம்தாம் சுமந்துசெல்ல வேண்டும்.