கட்டை கூறும் வரலாறு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் வாசித்த மிருதங்கம் ஒன்று உறையிட்டபடி பரண்மேல் இருப்பதுண்டு. அதன் மூட்டுகள் பன்முறை மாற்றப்பட்டிருக்கும், வாரும் புதிதாயிருக்கும். பழையது எனத் தக்கது கட்டை ஒன்றே. ஆதலின் அக்கருவியின் வரலாற்றை அறிய விழைவோர் கட்டையைப் படித்தறிதல் வேண்டும்.

மிருதங்கம் என்னும் வடசொல் மண்ணாலாகிய உடலைக் குறிப்பது. பெயரில் மண் நின்றுவிட்டது. பொருளோ நெடுங்காலத்திற்கு முன்பே மரமாயிற்று. அம்மரம் பெரும்பாலும் பலா. ஆயின் புறத்தோற்றத்தைக் கொண்டு மரம் இன்னதென்று துணிதல் கூடாது. சாயமும் மெருகும் எம்மரத்தையும் பலாவாகக் காட்டவல்லன. மூட்டு மாற்றும் நாளில், திறந்த வாயின் வழியே உட்சுவரை நோக்குவதே தக்க முறை. பலாவின் வைரம் வெட்டிய புதிதில் மஞ்சளாயிருந்து, ஒளியும் காற்றும் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்லக் கரும்பழுப்பாகும். மறைவான ஓரிடத்தில் நகக்கண் அளவு சுரண்டினால் அடியில் மஞ்சள் தலைகாட்டும். தென்கிழக்காசியப் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறமூட்டியதும் இம்மஞ்சளே. வேங்கையோ என்று ஐயம் எழுந்தால், அதன் வைரச் சீவலை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்துப் பார்க்கலாம்; நீரில் நீல ஒளி பாயும். பனையும் தென்னையுமாயின் ஆண்டு வளையமின்றிக் கருநார்ப் புள்ளிகளே தெரியும்.

உட்சுவரில் உளியின் தடங்களும் காணப்படும். அவை எவருடையவை? பாலக்காட்டை அடுத்த பெருவெம்பு என்னும் சிற்றூரில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டு வருகின்றன. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பாலக்காடு மணி ஐயரை (1912–1981) அறியாத இசையன்பர் இலர். அவருக்கு மிருதங்கம் அமைத்துத் தந்த தஞ்சைப் பர்லாந்துவை அறிந்தோர் மிகச் சிலரே. தோலைத் தொடுவோர் என்று ஒதுக்கப்பட்ட இக்கைவினைஞரின் வரலாறு டி. எம். கிருஷ்ணாவின் ஆங்கில நூலால் 2020-இல்தான் பரவலாக அறியப்பட்டது. மேடையில் கருவி கைதட்டல் பெற்ற காலமெல்லாம் அதனைச் செய்தவர் அரங்கிற்கு வெளியே நின்றார் என்பதை இசை வரலாறு எழுதுவோர் இனியேனும் விட்டுவிடலாகாது.

பெரும்பாலான கட்டைகளில் செய்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை. உளித்தடமே கையொப்பம். கட்டையைப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகக் கூறி, உள்ளும் புறமும் உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசுவோர் எந்நகரிலும் உளர். அவர்களிடம் ஒப்படைக்குமுன் பழைய மெருகு யாதென அறிந்துகொள்வது நன்று. பஞ்சில் தோய்த்த ஸ்பிரிட் பட்டதும் பசபசத்துக் கரைந்தால் அது அரக்கு மெருகு. மரத்தினுள் ஊறிய எண்ணெய் அவ்வாறு கரையாது. எண்ணெய் கண்ட கட்டைக்கு உலர்ந்த துணியால் துடைத்தலே பெரும்பாலும் போதும். அரக்கு மெருகு மங்கியிருந்தால் புறத்தே மட்டும் புதுப்பிக்கலாம். உட்சுவரில் உப்புத்தாள் படாதிருக்கட்டும்.