செத்த காலேஜில் ஆடவல்லான்

சென்னையில் பழைய வழக்கு ஒன்று உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் அழைத்து வந்தனர். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. 1855இல் அதன் வளாகத்திலேயே விலங்குகளும் வைக்கப்பட்டன. 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985இல் வண்டலூருக்குப் போயின. மூர் மார்க்கெட்டும் இன்று இல்லை. ஆனால் 'செத்த காலேஜ்' என்னும் சொல் மட்டும் நம் மனத்தில் நீங்காமல் நின்றுவிட்டது. பாடம் செய்யப்பட்ட புலியையும் திமிங்கில எலும்பையும் நினைத்து மக்கள் இட்ட பெயர் அது. அதே வளாகத்தில்தான் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் நிற்கின்றன. அவையும் செத்தவைதாமா?

இக்கேள்விக்கு நாம் மூன்று பருவங்களில் மூன்று விடைகள் வைத்திருந்தோம். அவ்விடைகள் மாறிய கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கலையைப் பயிலப் பயில, சமூகத்தில் அதற்குள்ள இடம் குறித்த நம் எண்ணம் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே பொருளை வைத்துப் பேசுவது பயன் தரும் என்று கருதுகிறோம்.

*

முதுகலைத் தமிழ் பயின்ற நாளில் நம்மை ஆட்டிப்படைத்த வினா ஒன்றே: கலை கலைக்காகவா, மக்களுக்காகவா? 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஒரு பக்கம். கைலாசபதியும் வானமாமலையும் மறுபக்கம். விடுதி அறையில் விடிய விடியச் சண்டை நடக்கும். நாம் அழகியல் கட்சி. நம் கையில் இருந்த பெரிய ஆயுதம் நடராசர்.

அந்த ஆயுதத்தை நமக்கு வடித்துத் தந்தவர் ஆனந்த குமாரசாமி. 1877இல் கொழும்பில் பிறந்த அவர், சிவனின் ஆடலைக் குறித்த தம் புகழ்பெற்ற கட்டுரையை 1912இல் 'சித்தாந்த தீபிகை'யில் எழுதினார். 1918இல் அது நூலாயிற்று. அதற்கு முன் மேலைநாட்டார் பலரின் பார்வை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1910இல் இலண்டனில் நடந்த கூட்டமொன்றில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர், இந்தியாவில் நுண்கலை என்பதே இல்லை என்று வாதிட்டு, புத்தர் சிலையொன்றை வேகவைத்த கொழுப்புக் களியோடு ஒப்பிட்டார். அதற்கு எதிராக எழுந்த குரல்களில் ஹாவெல், குமாரசாமி ஆகியோரின் குரல்கள் முதன்மையானவை. 1913இல், சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் வியந்து எழுதிய கட்டுரை 1921இல் வெளியாயிற்று. இவ்வரலாற்றை அறிந்தபோது நமக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி மாளாது. ஊர், சமயம், மொழி எதுவும் அறியாத ஒருவரைப் புகைப்படமே வசப்படுத்துகிறதென்றால், கலைக்குச் சமூகம் எதற்கு?

அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளின் முன் காலணியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பும் அன்பர்களைக் கண்டு அந்நாளில் நாம் உள்ளூரச் சிரித்ததும் உண்டு. இவர்களுக்குக் கலை தெரியவில்லை என்று நினைத்தோம்.

*

இந்த எண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது கல்வெட்டியல் தாள். ஹுல்ட்ஸ் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுகளைப் படிக்க நேர்ந்தது. அழகைத் தேடிப் போன நமக்கு அங்கே கிடைத்தது கணக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகள் அறுபதுக்கும் மேற்பட்டவை. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. ஆனால் கல்வெட்டில் அவை எல்லாம் இருக்கின்றன. உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை, கைகள் எத்தனை, பீடத்தின் அளவு என்ன, அணிகளில் முத்து எத்தனை, பொன் எவ்வளவு. எந்தத் திருமேனியைப் பற்றியும் 'அழகியது' என்ற ஒரு பாராட்டுச் சொல்லைக்கூட நாம் அங்குக் காணவில்லை. அளவுதான் அங்கே மொழி.

இன்னொன்று நம்மைத் திகைக்க வைத்தது. நாம் நடராசர் என்று அழைக்கும் இறைவனுக்கு அக்கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்று பெயர். கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயரும் ஆடவல்லான். நெல்லை அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். குமாரசாமி பேரண்டத்தின் தாளத்தைக் கண்ட அதே ஆட்டம், சோழ நாட்டுக் களத்தில் நெல் அளக்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது. அந்த மரக்காலில் நெல்லை அளந்து கொட்டிய குடியானவனுக்கு அப்பெயர் எப்படி ஒலித்திருக்கும்?

அங்கிருந்து வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. காவிரி வண்டலில் செம்புக் கனிமம் கிடையாது. செம்பு வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். மெழுகில் உருச்செய்து, அதன்மேல் வண்டல் மண்ணை அப்பி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்து, பின் மண் கருவை உடைத்தெடுப்பது வார்ப்பு முறை. கரு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு திருமேனியும் ஒரே ஒன்றுதான். அந்த ஒரே ஒன்றைச் செய்தவர் பெயர் எது? கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. வார்த்தவர் பெயரைத் தேடிக் கண் சலித்ததுதான் மிச்சம்.

செலவுக்கு வருவோம். சேரரையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பொருளிலிருந்து செய்யப்பட்டவை என்று சில கொடைகளைக் கல்வெட்டே சொல்கிறது. ஈழ மண்டலத்து ஊர்கள் சிலவும் தஞ்சைக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் அனுப்பக் கடமைப்பட்டிருந்தன. கோயிலுக்கென்று பல ஊர்த் தளிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு தலைவீட்டில் நக்கன் சேரமங்கை. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். இவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம். அவர்களையடுத்து நட்டுவரும் இசைவாணரும் கணக்கரும் தையற்காரரும் நாவிதரும் கன்னாரும் வருகின்றனர்.

இதைப் படித்த பின் நாம் கட்சி மாறினோம். கலை என்பது அரசின் கருவூலம், போரின் கொள்ளை, உழவரின் நெல் என்று மேடையில் முழங்கினோம். நடராசரின் முன் நின்றால் நெற்கணக்கே கண்ணில் பட்டது. இது இரண்டாம் பருவம். முதற்பருவத்தைப் போலவே இதுவும் பாதி உண்மையே.

*

மூன்றாம் பருவத்தைத் தொடங்கி வைத்தது, எதிர்பாராத விதமாக, ஒரு நீதிமன்ற வழக்கு. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலருகே மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர் கையில் செப்புத் திருமேனிகள் சில அகப்பட்டன. அவற்றுள் ஒரு நடராசர். கண்டெடுத்தவருக்குக் கிடைத்தது சொற்பத் தொகை. 1982இல் இலண்டனில் ஒரு நிறுவனம் அச்சிலையை வாங்கியபோது விலை இரண்டரை இலட்சம் பவுன். பின்னர் அது காவல்துறையால் கைப்பற்றப்பட்டு வழக்காயிற்று. பாழடைந்த அந்தக் கோயிலே ஒரு வாதியாக நீதிமன்றத்தில் நின்றது. இறைவனும் கோயிலும் சட்டத்தின் கண்ணில் ஆள்கள் என்னும் இந்திய மரபை இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்க வேண்டியதாயிற்று. 1988இல் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. சிலை திரும்பியது.

இவ்வழக்கில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது சட்டம் அன்று, சான்று. இச்சிலையும், பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளும் ஒரே குடும்பத்தவை என்று நிறுவ வேண்டியிருந்தது. மண், உலோகம் ஆகியவற்றின் ஆய்வோடு, பாணியும் அங்கே சாட்சி சொன்னது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநரும் 2022இல் மறைந்தவருமான இரா. நாகசாமி வல்லுநராகச் சாட்சியம் அளித்தார். ஆடை மடிப்பையும் அணியையும் அங்க அமைதியையும் வாழ்நாளெல்லாம் உற்று நோக்கிய கண், ஓர் ஊருக்கு அதன் உடைமையை மீட்டுத் தர உதவியது. வெறும் அழகியல் என்று நாம் இரண்டாம் பருவத்தில் தள்ளிவைத்த அந்தக் கல்வி, சமூகத்துக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்படக் கூடும் என்று நாம் நினைத்ததே இல்லை. 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராசர் திரும்பியபோதும், பழைய புகைப்படங்களோடு சிலையை ஒப்பிட்டுக் காட்டியவர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது.

திரும்பியவை எல்லாம் தத்தம் கருவறைக்குப் போய்விட்டன என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. காவலில்லாத ஊர்க் கோயில்களின் திருமேனிகள் பல, பூட்டிய காப்பகங்களில் வரிசையாக நிற்கின்றன. அருங்காட்சியகத்திலாவது ஒருவர் நின்று பார்க்கலாம்.

*

இவ்விடத்தில் அருங்காட்சியகத்தைப் பற்றிய நம் எண்ணத்தையும் திருத்திக்கொள்ள நேர்ந்தது. கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்த தெய்வம் அங்கே வெறும் பொருளாகிவிடுகிறது என்பது இன்று பலரும் சொல்லும் வாதம். அதில் நியாயம் உண்டு. திருவெண்காட்டு இடப வாகன தேவரைத் தஞ்சைக் கலைக்கூடத்தில் பார்த்தவர்கள் அறிவர். 1011இல் செய்யப்பெற்ற அத்திருமேனி, மறைந்துபோன காளையின் மேல் கையூன்றி நிற்பதுபோல வெற்றிடத்தில் கைவைத்து நிற்கிறது. காளை மட்டுமா இல்லை? ஆடையும் மாலையும் மேளமும் உலா வரும் தெருவும் இல்லை.

ஆனால் அந்தத் தெருவில் யார் நின்றார்கள் என்று கேட்டால் வாதம் சிக்கலாகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். ஆலய நுழைவுக்கான சட்டப் பாதுகாப்பு அதன் பின்னரே வந்தது. அதுவரை அம்மக்களுக்கு மூலவர் இல்லை. உலாத் திருமேனியும் அவர்கள் தெருவுக்கு வரும் வழக்கமில்லை. திருவாலங்காட்டு நடராசர் 1905இல் மண்ணிலிருந்து கிடைத்து எழும்பூருக்கு வந்தார். அங்கே வாயிலில் சாதி கேட்பாரில்லை. காணும் பொங்கலன்று குடும்பத்தோடு 'செத்த காலேஜ்' பார்க்கப் போன எளிய மக்களில் எத்தனை பேர், ஆடவல்லானை முதன்முதலாக முகத்துக்கு முகம் அங்கேதான் கண்டார்களோ! எந்த இடம் செத்த இடம், எந்த இடம் உயிருள்ள இடம் என்பது பார்ப்பவர் எங்கே நிற்க விடப்பட்டார் என்பதையும் பொறுத்தது.

தளிச்சேரிப் பெண்டுகளின் பக்கமும் இத்தகைய திருப்பம் ஒன்று உண்டு. அவர்களையும் இருபதாம் நூற்றாண்டுத் தேவதாசியரையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. ஆயிரமாண்டு இடைவெளி அது. எனினும் 1930களில் நடனமேடையில் நடராசர் சிலையை வைக்கும் வழக்கம் ருக்மிணி தேவியால் நிலைபெற்றபோது, மரபுவழி ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையிலிருந்து விலகிக்கொண்டிருந்தனர். 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி எதிர்த்த கொடுமை மெய். பாலசரசுவதி கட்டிக்காத்த கலையும் மெய். அருங்காட்சியகத்திலிருந்தும் குமாரசாமியின் நூலிலிருந்தும் புகழ்பெற்ற தெய்வம் மேடைக்கு வந்தது. அத்தெய்வத்தின் முன் ஆடியவர்களின் வழித்தோன்றல்கள் பலருக்கு அம்மேடையில் இடமில்லாமற் போயிற்று. இதை எந்தக் கட்சியில் சேர்த்துச் சொல்வது?

*

இன்று வகுப்பில் மாணவர்கள் அதே பழைய வினாவைக் கேட்கிறார்கள்: கலை கலைக்காகவா, மக்களுக்காகவா? நாம் விடை சொல்வதில்லை. எழும்பூருக்கு அழைத்துப் போகிறோம். முதலில் கால்மணி நேரம் பேசாமல் பார்க்கச் சொல்கிறோம். எடுத்த எடுப்பில் நெற்கணக்கு வேண்டாம். ரோதேன் கண்டதை அவர்களும் காணட்டும். பிறகு கேட்கிறோம்: இதை யார் வார்த்தார்? செம்பு எங்கிருந்து வந்தது? யார் நெல் கொடுத்தார்? யார் இதன்முன் ஆடினார்? யாருக்கு இதைக் காண அனுமதியில்லை? மண்ணுக்குள் புதைத்தவர் யாருக்கு அஞ்சிப் புதைத்தார்? இவற்றில் பாதிக்கு விடை இல்லை. ஆனால் இவ்வினாக்களை அறிந்த பின் சிலையின் அழகு குறைந்துவிட்டது என்று எந்த மாணவரும் இதுவரை நம்மிடம் சொன்னதில்லை.

சென்ற முறை போயிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, நடராசர் முன் கைகூப்பி நின்றார். மாணவன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி வணங்கி முடிக்கும்வரை மறைக்காமல் சற்று விலகி நின்றோம். அவனும் விலகி நின்றான்.