கவிதை மேடையும் நடுவர் நாற்காலியும்

எமது கல்லூரியின் நூறாண்டுக் கதையில் கட்டடங்களுக்கும் அதிபர்களுக்கும் உரிய இடம் உண்டு. கவிதைப் போட்டிக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. ஆனால் பழைய மாணவியர் நாம் எங்கே கூடினாலும், 'அந்த வருடப் பரிசு யாருக்குப் போயிருக்க வேண்டும்?' என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. ஆகவே அதன் வேரைச் சற்றுத் தேடிப் பார்ப்போம்.

கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்த எம் முன்னோர் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தனர். மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த கதை அது. அதே கதையை வைத்துத் தஞ்சைப் பக்கத்தில் வளர்ந்தது லாவணி. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறுகட்சி. கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. அங்கே புள்ளித்தாள் இல்லை. பதில் பாட முடியாமல் நின்றவர் யார் என்பதைச் சபையே கண்டுகொண்டது.

அந்தக் களங்கள் ஆண்களுடையவை. காமன் கூத்தில் ரதி வேடத்தையும் ஆணே கட்டினார். பெண்களின் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் யாரும் மேடை போடவில்லை. அதனால்தான் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் தோட்டத் தொழிலாளர் முன் பாடியது பெரிய செய்தியாகிறது. ஒரு பெண்பிள்ளை தன் பாட்டோடு சபையில் நிற்கலாம் என்பதை எமக்குக் காட்டியது பாடசாலை மேடை.

மேடையோடு தீர்ப்பும் வந்தது. தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என ஏறி அகில இலங்கை மட்டத்தில் முடியும். ஏற ஏறப் பலர் நின்றுவிடுவர். அரைப் புள்ளியில் ஒரு வருட உழைப்பு பண்டாரவளையோடு நின்றுபோகும். இல்லப் போட்டியில் இன்னொரு சிக்கல்: நடுவராக அமரும் ஆசிரியையும் ஏதோ ஓர் இல்லத்துக்குரியவர். பெயருக்குப் பதிலாக இலக்கம் இடுவதும், வெளியிலிருந்து நடுவரை அழைப்பதும் அதற்கான மருந்துகள்.

இலக்கத்தால் மறைக்க முடியாத ஒன்றுண்டு. லயத்தில் வளர்ந்த பிள்ளை வாய் திறந்ததுமே அவள் தோட்டத்துப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். 'உச்சரிப்பு' என்று வெட்டப்படும் புள்ளி பிழைக்கானதா, பிறந்த இடத்துக்கானதா? ழகரம் தவறினால் பிழை. கவிதையில் 'பெரட்டுக்களம்' என்று எழுதினால் அது பிழையல்ல, அவளுடைய சொத்து. இந்த வேறுபாட்டை நடுவர்கள் போட்டிக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்காகோவில் கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1980களில் 'பொயற்றி ஸ்லாம்' என்ற கவிதைப் போட்டியைத் தொடங்கினார். கேட்க வந்தவர்களில் ஐவர் நடுவராவர். மிகக் கூடிய புள்ளியையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுவார்கள். ஒருவரின் ஓரவஞ்சனையை இது அடக்கும். ஐவருக்கும் ஒரே ஓரவஞ்சனை இருந்தால் கணக்கு உதவாது.

தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் அரங்கேற்றத்தில், பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு நூல் குற்றமற விளக்கிக் காட்டப்பட்டது. கேட்டவரும் படைத்தவரும் நேருக்கு நேர் இருந்தனர். எமது போட்டிகளிலோ பெறுபேறு வாசிக்கப்படும், காரணம் வாசிக்கப்படுவதில்லை.

இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளின் தமிழ்ப் போட்டிகளுக்கு நடுவராக அமரும் சகோதரிகளுக்கு எமது வேண்டுகோள் இதுதான். புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே அறிவியுங்கள். உறவுக்காரப் பிள்ளை போட்டியிட்டால் எழுந்துவிடுங்கள். வென்றதையும் தோற்றதையும் ஒரே கையெழுத்துச் சஞ்சிகையில் சேருங்கள். கடைசியாக வந்த பிள்ளையை அழைத்து, நன்றாக அமைந்த ஒரு வரியையும் திருத்த வேண்டிய ஒரு வரியையும் காட்டுங்கள். அடுத்த வருடமும் அவள் பெயர் கொடுத்தால், போட்டி நியாயமாக நடந்தது என்று கொள்ளலாம்.